இன்னும் ஒரு குழி

மனிதர்களில் ‘இன்னும் ஒரு குழி’ என்றொரு இனம் உண்டு. அழிந்துவரும் இனமல்ல, பயப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தெற்கே, பழைய குப்பைக் கிடங்கின் மேல் மண்ணைக் கொட்டி, புல்லை வளர்த்து, அதற்குக் கால்பந்து மைதானம் என்று பெயரும் வைத்திருக்கும் எங்கள் பகுதியில் அது நன்றாகவே கொழுத்து வளர்கிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இஸ்திரி போட்ட ஆரஞ்சு மேலங்கி, மண் ஒட்டாத பூட்ஸ். எதைக் கேட்டாலும் “அருமையான கேள்வி” என்று தொடங்கும். அப்படித் தொடங்கினால் பதில் வராது என்று அர்த்தம்.

எங்களுக்கு வாய்த்தவர், மைதானத்தின் நிலத்தடி நீரைச் சோதிக்க அனுப்பப்பட்ட நைஜல் பெங்கெலி. மைதானத்தின் வடக்கு மூலையில் புல் முளைக்காது, மண்ணைக் கிளறினால் பெட்ரோல் பங்க் வாடை அடிக்கும், அடியில் பழைய ரசாயனப் பீப்பாய்கள் கசிகின்றன என்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். அந்த மூலையை வாரி அப்புறப்படுத்தினால் என்ன? செய்யலாம்தான். ஆனால் அதற்கு முன்பு நைஜல் ஒரு குழி துளைத்து, குழாய் இறக்கி, தண்ணீர் எடுத்துச் சோதிப்பார். சோதனை என்ன சொல்லும்? இன்னும் ஒரு குழி வேண்டும் என்று சொல்லும். மைதானம் முழுக்க அந்தக் குழிகளின் இரும்பு மூடிகள்.

“எதிர் டீமைவிட உங்க மூடிதான் எங்க பசங்கள அதிகமா கவுக்குது, நைஜல்” என்றார் பயிற்சியாளர் டாரில்.

“அருமையான கேள்வி” என்றார் நைஜல்.

மைதான வேலிக்கு அந்தப்புறம் சோர்கா விடோவிச்சின் கீரைத் தோட்டம். நாங்கள் தின்னும் லெட்டூஸ் எல்லாம் அவள் வளர்த்ததுதான். குப்பையின் நஞ்சு மேல்தண்ணீரோடு நின்றுவிடும்; அதற்கடியில் கெட்டியான களிமண் படுகை; அதற்கும் கீழே நல்ல தண்ணீர். சோர்காவின் கிணற்றுக்குழாய் குடிப்பது அந்த நல்ல தண்ணீரை. களிமண் இருக்கும்வரை அவளுக்குப் பயமில்லை.

ஊர்க் கூட்டத்தில், சாசேஜ் சுடும் புகைக்கு நடுவே, அவள் எழுந்தாள்.

“தம்பி, அந்த மூலைய எப்பதான் சுத்தம் பண்ணுவ?”

“பண்ணிடலாம்மா. கீழ்த்தண்ணி நல்லாத்தான் இருக்கான்னு மட்டும் உறுதி பண்ணிக்கிறேன்.”

“அது நல்லாத்தானே இருக்கு. நான்தான் தினம் குடிக்கிறேனே.”

“இருந்தாலும் இன்னும் ஒரு குழி.”

துளைத்தார். வடக்கு மூலையிலேயே, ஆழமாக, நேராகக் களிமண்ணைக் குத்திக்கொண்டு. துளையின் ஓரத்தைச் சரியாக அடைக்கவுமில்லை. இத்தனை வருடம் மேலே முடங்கிக் கிடந்த சனியனுக்கு வாசல் திறந்துவிட்டாயிற்று. குளிர்காலம் முடிவதற்குள் சோர்காவின் தண்ணீரில் பெட்ரோல் வாடை. மோட்டாரை நிறுத்திவிட்டாள். பாத்திகள் வாடிப்போயின.

நைஜல் வந்து முகர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“முக்கியமான கண்டுபிடிப்பும்மா இது. எந்த வழியா இறங்குச்சுன்னு இனிமேதான் பாக்கணும்.”

“நீ போட்ட ஓட்டை வழியாத்தான்.”

“அது ஒரு கருத்து. உறுதி பண்ணணும்னா…”

“இன்னொரு குழியா? போடு, தம்பி. கொஞ்சம் அகலமாவே போடு. உன்னயும் உள்ள இறக்கி மூடிடுறேன்.”

நைஜல் அதையும் குறித்துக்கொண்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது உங்களிடம் வருகிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டிய அந்த வலி. அண்ணனிடம் நேரில் போய்ப் பேசித் தீர்க்க வேண்டிய அந்த மனத்தாங்கல். ‘எதற்கும் இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டு’ என்று நாலு பேரிடம் கேட்டுக் கேட்டே, வீட்டோடு நின்றிருந்த விஷயத்தை நாற்பது பேருக்குக் கொண்டுபோனது யார்?

‘இது நானா என்று இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்கிறீர்களா? வேண்டாம். தெரிந்துவிட்டது.