குறையாத சார்ஜ்

சமையலறை வாசலில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. கணக்கர் பின்னாலிருந்து முட்டித் தள்ளினார். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "சாய்ச்சுத் தள்ளுங்க. சுவரைப் பேத்துடாதீங்க" என்றாள். மின்சார ஸ்கூட்டரின் சார்ஜரைத் தாங்கும் பிளக் அந்த வீட்டில் அங்கே ஒன்றுதான்.

ஒரு வாரமாக அவர் வாயைத் திறந்தால் புகைதான். பூமியில் எண்ணெய் வற்றுகிறது, காற்று கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தொட மாட்டேன் என்று பக்கத்து வீட்டு டீச்சர் வரை சொல்லியாகிவிட்டது. சொல்லாதது ஒன்று. பக்கத்திலிருந்த ஒரே பெட்ரோல் பங்க் மனைவியின் அண்ணனுடையது. இவர் எத்தனை லிட்டர் போட்டார் என்ற சேதி, இவர் வீடு திரும்புமுன் தங்கை காதுக்கு வந்துவிடும். ஆபீஸ் முடிந்து மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியவர் ஊர்க்கோடித் தையற்காரர் கடையில் கேரம் ஆடுவது அப்படித்தான் வெளியே வந்தது. கேரமும் போய்விட்டால் வாழ்க்கையில் மிஞ்சுவது ஆபீசும் பின்னக் கணக்கும். கரண்டுக்கு வாய் கிடையாது என்று நம்பி வண்டியை மாற்றினார்.

கரண்டுக்கு வாய் இல்லைதான். ஆனால் வண்டி முகப்பில் மீதி சார்ஜைக் காட்டும் எண் இருந்தது.

"ஆபீஸ் போய்வரப் பத்துதான் குறையும்னு நீங்கதானே சொன்னீங்க? இருபத்தஞ்சு குறைஞ்சிருக்கு" என்றாள் மனைவி, முதல் நாள் சாயங்காலமே.

"எதிர்க்காத்து" என்றார்.

அவள் 'ம்' கொட்டினாள். அந்த 'ம்' அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் தையற்காரரின் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் வண்டியைச் செருகினார். குறைந்ததை அங்கேயே நிரப்பிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆட்டமும் களைகட்டியது. சிவப்புக் காயை அவரே போட்டார். ஒரு ஆட்டம் இன்னொன்றை இழுத்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மேனேஜர் விடவே இல்லை என்று ஆரம்பித்தார்.

மனைவி குனிந்து முகப்பைப் பார்த்தாள். மகளையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ராத்திரி கரண்டு போனதால காலையில அறுபதுலதான் கிளம்பினீங்க. இப்போ எழுபது."

கணக்கருக்குக் கணக்கு இடித்தது. வழியெல்லாம் இறக்கம், இறக்கத்தில் இந்த வண்டி தானாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று விஞ்ஞானம் பேசினார்.

"போறப்பவும் இறக்கம், வர்றப்பவும் இறக்கமாப்பா?" என்றாள் மகள்.

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பார்.

"ஓட்ட ஓட்ட ஏறுற வண்டியாச்சே. இதை நானும் ஓட்டிப் பாக்கிறேன். நாளையிலேர்ந்து நானே கொண்டுவிட்டு, சாயங்காலம் நானே ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறேன்."

காலையில் அவள் சாவியைத் திருகினாள். கரண்டு வண்டி, சத்தமே இல்லாமல் கிளம்பத் தயாரானது. அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்து, கால் வைக்கும் கம்பியைப் பாதத்தால் தேடி இறக்கினார்.