இரண்டு மூடிகளும் ஆறிய காப்பியும்

மதிப்புமிக்க மாப்பிள்ளை சுஹைப் அவர்களுக்கு,

அஜ்லூனிலிருந்து மாமனார் இஸ்ஹாக்கின் ஸலாம். குவைத்து வெயில் உங்களை அதிகம் வாட்டாதிருக்கட்டும். இங்கே அனைவரும் நலம். நீங்கள் என் பொறுப்பில் விட்டுச்சென்ற வண்டியும் நலம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்; ஆனால் வழிமுறை காட்டாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று காலமெல்லாம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான்.

பெட்ரோல் விலை ஏறப்போகிறது என்று மாதக் கடைசி மாலையில் ஊரே பங்க்கில் வரிசை கட்டியபோது நானும் நின்றேன், நிரப்பினேன், திரும்பினேன், அடுத்த வாரம் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வெள்ளிக்கிழமை உங்கள் மைத்துனன் முஹன்னதுக்குப் பெண் கேட்கப் பெரியவர்களை அதே வண்டியில்தான் மலையேற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இரவல் வண்டியோடு நடுவழியில் நின்றால் யார் பெண் கொடுப்பார்கள்? மெக்கானிக் நவ்வாஃபிடம் ஓடினேன். அவர் கருவியைச் செருகிப் பார்த்தார்.

"பி-0455. பெட்ரோல் ஆவி எங்கயோ கசியுது, வாத்தியாரே. நம்பர அழிச்சு விட்டுர்றேன், போங்க."

"அழிச்சா கசிவு நின்னுருமா?"

"கசிவு நிக்காது. ஒங்க படபடப்பு நிக்கும்."

இரண்டுமே நிற்கவில்லை. விளக்கு திரும்ப எரிந்ததும் நானும் திரும்பப் போனேன். இம்முறை அவர் கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோல் ஆவிக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினார். பெட்ரோல் மூடியைச் சுற்றிப் புகை கிளம்பியது.

"இது ஒங்க வண்டி மூடியே இல்ல. பங்க் கூட்டத்துல பக்கத்து வண்டி மூடிய மாத்தி மாட்டிட்டாங்க. சுத்துது, ஆனா 'டிக்'குனு பூட்டல பாருங்க. புது மூடி அம்மான்ல இருந்து வரணும். அதுவரைக்கும் தாராளமா ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது."

அவரைப் பாதி நம்பினேன். மலைப்பாதை முழுவதும் மீதிப் பாதி என்னோடு வந்தது.

பெண் வீட்டில் என் அண்ணன் காப்பிக் கோப்பையைத் தொடாமல் முன்னே வைத்து, முறைப்படி பெண் கேட்டார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டோம் அல்லவா? உடனே "தந்தோம், குடிங்க" என்று சொல்ல வேண்டிய பெண்ணின் தந்தை அபூ தய்ஸீர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது. வண்டி விளக்கைப் பார்த்துவிட்டாரோ என்று கோட் பாக்கெட்டில் சாவியைத் தடவிக்கொண்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் கடைசியில். "மாசக் கடைசியில பெட்ரோல் போட்டதுல இருந்து மனசு ஒரு நெலையில இல்ல. வண்டியில ஒரு மஞ்ச வெளக்கு..."

பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாத நான் எழுந்தே விட்டேன்.

"பி-0455 தானே?"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சபையே வாசலுக்கு வந்தது. மூடிகளை மாற்றினேன். இரண்டும் 'டிக்' என்றன. "பொண்ணத் தந்தாச்சு, காப்பியச் சூடா மாத்துங்க!" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. எல்லோரும் உள்ளே போனபின் இரண்டு மூடிகளையும் மறுபடி கழற்றி, அழுத்திப் பார்த்து, துடைத்தேன். அதற்குள் காப்பிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, நிச்சயமும் ஆயிற்று, வண்டியும் சரியாயிற்று. பெருநாளுக்கு வரும்போது நிம்மதியாக ஓட்டுங்கள். இறைவன் உங்கள் இல்லத்தில் அருள் நிறைக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உங்கள் மாமனார்,
இஸ்ஹாக்

பின்குறிப்பு: விளக்கு இன்னும் அணையவில்லை. என் கோட்டைத் துவைக்க எடுத்த உங்கள் மாமியார், "ஏங்க, பாக்கெட்ல என்னத்த ரெண்டு போட்டு வச்சிருக்கீங்க?" என்கிறார். இப்போதுதான் அபூ தய்ஸீரும் தொலைபேசியில் கூப்பிட்டார்: "சம்பந்தி, கெளம்பி வாங்க. ஆனா இந்தத் தடவ மூடி என் கைக்கு வந்த பொறவுதான் காப்பி."