வைனில் விழுந்த பாண் துண்டு

அகராதி படிப்பவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில், பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குபவன். எனக்கு மைக் கிடைத்தது தலைமன்னாரில், என் மச்சான் அன்ரனின் கலியாணத்தில்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கலியாணங்களில் கேக் வெட்டியதும் ஒருவர் எழுந்து, வைன் கிளாஸை உயர்த்தி மணமக்களை வாழ்த்துவார். அதற்கு 'டோஸ்ட்' என்று பெயர். அது முடிந்தால்தான் சாப்பாடு. வழக்கமாக ஒன்றிரண்டு வசனம்தான். ("நல்லா இருக்கட்டும், எல்லாரும் குடியுங்கோ.")

அன்ரன் டோஸ்ட் சொல்லக் கேட்டிருந்த எனக்கு அது போதவில்லை. காரணம், தோழிப்பெண்ணாக மேடையில் நின்ற டிலானி. அவளை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய தகப்பன் கோயில் மூப்பர். கோயில் காரியங்களைப் பொறுப்பாகப் பார்ப்பவர். என்னை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி, முன்வரிசைக் கதிரையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரை அறிவால் அசத்துவது என் திட்டம்.

அன்று காலை, அன்ரனின் தாயான மாமியின் அடுப்பில் ஒரு பாண் துண்டை, அதாவது ரொட்டித் துண்டை, வாட்டினேன்.

"கலியாண வீட்டில உனக்கு இடியப்பம் இறங்காதோ?" என்றார் மாமி.

"இது தின்னுறதுக்கு இல்லை மாமி. விளக்கத்துக்கு."

"பாணுக்கு என்னடா விளக்கம்?"

மைக் வந்தது. தொடங்கினேன். டோஸ்ட் என்ற சொல்லின் வேர், சுடுதல், வறட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். வாட்டிய பாணுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். பழைய இங்கிலாந்தில் வைனுக்குச் சுவையேற்ற, வாசனைத்தூள் தூவி வாட்டிய பாண் துண்டை அதில் போடுவார்கள். பிறகு, விருந்தில் வாழ்த்தப்படும் பெண்ணின் பெயர் பாணைவிட அதிகச் சுவை தருகிறதென்று அவளையே டோஸ்ட் என்றார்கள். கடைசியில் வாழ்த்துக்கே அது பெயராயிற்று. (இந்த இடத்தில் டிலானியைப் பார்த்தேன். அவள் புரியாணிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த சமையற்காரர் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.) விடாமல் ஒத்த சொற்களுக்குப் போனேன். 'சியர்ஸ்' என்பது முதலில் முகத்தைக் குறித்த சொல் என்றேன். எதிரே இருந்த முகங்களில் பசி மட்டுமே தெரிந்தது.

இனிச் செய்முறைதான் கைகொடுக்கும் என்று பட்டது. பாண் துண்டை எடுத்துக் காட்டி, இரண்டாக முறித்தேன். ஒரு பாதியை வைனில் போட்டு, கிளாஸை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

மண்டபம் அமைதியானது. என் புலமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் முக்காடு போட்டார். பின்னால் இரண்டு பேர் முழந்தாளிட்டார்கள். காலையில் கோயிலில் வாசித்த அதே கீபோர்ட்காரர், பழக்கதோஷத்தில் நற்கருணைப் பாட்டின் முதலடியைத் தொட்டுவிட்டார். மற்றப் பாதியை அன்ரனிடம் நீட்டினேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த மச்சான், கைகூப்பி "ஆமென்" என்று வாயைத் திறந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசையில் சாமியார் அப்பத்தை முறித்து, வைன் கிண்ணத்தை உயர்த்தி, நற்கருணை கொடுப்பதை அப்படியே செய்திருந்தேன். பங்குத்தந்தை எழுந்தார்.

"தம்பி, பூசை காலமையே முடிஞ்சுது. இனிச் சாப்பாட்டைப் போட விடுங்கோ."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக மாமியிடம் போனார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. பெடியன் குருமடத்தில இருந்து ஓடி வந்தவனோ?"

"ஐயோ, இல்லை அண்ணை!"

"பிறகு எப்பிடி இவ்வளவு திருத்தமாத் தூக்கினவன்? சாமியாராப் போக இருந்தவனுக்கு என்ர பிள்ளையைக் குடுத்துப் பாவம் தேட என்னால ஏலாது."

புரியாணித் தட்டோடு நான் மாமிக்குப் பின்னால் போய் நின்றேன். கடைசியில் பங்குத்தந்தைதான் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காப்பாற்றினார்.

"மூப்பர், பயப்பிடாதேங்கோ. இவ்வளவு நீளமாப் பிரசங்கம் வைக்கிற ஆளை எந்தக் குருமடமும் எடுக்காது."

சம்பந்தம் ஒப்பேறியது. எங்கள் கலியாணத்தில் மாமனாரே டோஸ்ட் சொன்னார். ஒரே வசனம். மண்டபத்தில் எங்கும் பாண் இல்லை என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்.

இன்றைக்கும் காலையில் பாணை வாட்டி நான் நீட்டினால், டிலானி 'தாங்ஸ்' சொல்வதில்லை. கைகூப்பி, கண்ணை மூடி, 'ஆமென்' என்கிறாள்.