மாலை ஐந்து மணிக்குள்

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

ஸ்டோர்காரர் இப்படிக் கேட்டதும், ரீமரைக் கையில் எடுத்திருந்தவர் விழித்தார். வாங்க வந்தவர்களிடம் அன்று இந்தக் கேள்வி கேட்கப்படுவது மூன்றாவது முறை.

"கீல் மாட்ட ஒரு துளையைப் பெருசாக்கணும்."

"மரக்கதவா?"

"ஆமா."

ரீமர் அவர் கையிலிருந்து பெட்டிக்குத் திரும்பியது. இரும்பில் போட்ட துளையை மயிரிழை பிசகாமல் சீராக்கப் பிறந்த கருவியை மரத்துக்குக் கொடுப்பது பாவம் என்று ஸ்டோர்காரர் விளக்கினார். வந்தவர் பாவத்துக்கு அஞ்சிப் போய்விட்டார்.

இழுத்து மூடப்பட்ட தொழிற்சாலையின் மிச்சக் கருவிகளை அவர் ஆறு பெட்டிகளாக ஏலத்தில் எடுத்து வந்து ஒரு மாதமாகிறது. அடையாளம் கண்டு, அளவு எழுதி, விற்றுவிடுவதாகத்தான் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு குழந்தைகளோடு குடிவருகிறாள். அவர்கள் தங்குவதற்கு இருப்பது, பெட்டிகள் அடைத்துக் கிடக்கும் அந்த முன்னறை ஒன்றுதான்.

அடையாளம் காண்பதில் அவரைக் குறை சொல்ல இயலாது. அதே தொழிற்சாலையின் கருவி அறைச் சன்னலுக்குப் பின்னால் ஸ்டோர்காரராக முப்பத்தோராண்டுகள் அமர்ந்திருந்தவர். எண் தேய்ந்துபோன டிரில்லை இரு விரல்களிடையே உருட்டியே அளவைச் சொல்வார். பிறகு மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, மைக்ரோமீட்டர் சரியாக இருப்பதாகச் சான்றளிப்பார். விற்பதுதான் அவருக்குக் கைவரவில்லை.

"தெரியாதவங்களுக்குக் கொடுக்க மனசு வரலேன்னா தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க" என்றார் மனைவி. தாமே பழைய தொழிலாளர்கள் ஐவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐவரும் முன்னறைச் சன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற கடைசல்காரர் அரை அங்குல டிரில் கேட்டார். கேட்டுக்கொண்டே, எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைச் சன்னல் விளிம்பில் வைத்தார். டோக்கனைக் கொடுத்துக் கருவியைப் பெறுவதும், கருவியைத் திருப்பி டோக்கனை மீட்பதும் அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். மூடிய அன்றே ஒப்படைத்திருக்க வேண்டிய டோக்கன்கள் அவை, ஐவருமே ஒப்படைக்கவில்லை.

ஸ்டோர்காரரின் கை தானாக நீண்டு, டோக்கனைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டியது.

"அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்."

"புதுசாச் சொல்றீங்களே அண்ணே."

அவர்கள் போனதும், எவ்வளவு விற்றது என்று மனைவி விசாரித்தார்.

"விக்கலை. இஷ்யூ பண்ணியிருக்கேன்."

மாலை ஐந்து அடிப்பதற்குள் ஐந்து கருவிகளும் துடைத்து, எண்ணெய் தடவப்பட்டுத் திரும்பி வந்தன.

செவ்வாயன்று மனைவி ஆணிகளைப் பிடுங்கி எறிந்தார். புதனன்று ஸ்டோர்காரர் ஐம்பது கொக்கிகள் கொண்ட பலகை ஒன்றைச் செய்து நிறுத்தினார். ஒரு கட்டில் போடுமளவு இடத்தை அது விழுங்கியது. அந்த வாரம் அவர் தினமும் முகம் மழித்துக்கொண்டு, பழைய காக்கிச் சட்டையை அணிந்து, ஏழே முக்காலுக்கெல்லாம் சன்னலைத் திறந்தார். மனைவி அதைக் கவனிக்காதவர் போலக் கவனித்தார். ஆயினும், அதற்காகப் பேரக்குழந்தைகளைக் கொக்கியில் மாட்ட முடியாது.

ஐந்து மணி என்ற கெடுதான் கருவிகளைத் திரும்பி வரச் செய்கிறது என்று கணித்து, மனைவி ஒரு தாளில் எழுதிச் சன்னலருகே ஒட்டினார்: 'எவ்வளவு தாமதமானாலும் ஏன் என்று கேட்கப்படாது.' கெடு போனால் கருவிகளும் போகும் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் காலை, வெல்டர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமொன்றை நீட்டினார். உள்ளே ஒரு சுத்தியல் இருந்தது.

ஸ்டோர்காரர் பரணிலிருந்து தொழிற்சாலையின் பழைய பேரேட்டை இறக்கிப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். "பத்தொன்பது வருஷமாத் தேடறேன்டா இதை."

"ஏன்னு கேக்க மாட்டோம்னு எழுதியிருக்கே அண்ணே."

அவர் கேட்கவில்லை. பேரேட்டில் சிவப்பு மையால் எழுதியிருந்த 'காணவில்லை' என்பதை நீல மையால் அடித்தார். மற்ற நால்வரும் சொல்லிவைத்தாற்போல் வீட்டுக்குத் திரும்பிப் போய், ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பெட்டிகள் ஏழாயின. பூனையை விரட்டப்போய்ப் புலியை வீட்டுக்குள் விட்ட கதையாயிற்று.

சனிக்கிழமை மாலை சன்னலில் மனைவியே உட்கார்ந்தார். ஸ்டோர்காரர் பின்னால் பேரேட்டுடன் நின்றார். மகளின் சாமான் வண்டி விடிந்ததும் வந்துவிடும்.

கடைசியாக வந்த ஃபிட்டர் தம் கருவியை வைத்துவிட்டு டோக்கனுக்குக் கை நீட்டினார். மனைவி கொடுக்கவில்லை.

"தினமும் எடுத்துட்டுப் போறீங்க. அப்படின்னா தினமும் தேவைப்படுதுன்னுதானே அர்த்தம்? ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ பெட்டியா நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. காசு கூட வேண்டாம்."

ஃபிட்டர், முன்பே கருவியைத் திருப்பிவிட்டு ஓரமாக நின்ற நால்வரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்றது அண்ணி? எங்க அஞ்சு பேர்ல ஒருத்தன்கிட்டயும் மெஷின் கிடையாது. அஞ்சு மணி ஆகற வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் உக்காந்திருக்கோம்."