முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம்

அன்று மதியம் டிக்கோயா ஹார்ட்வெயார் கடையில் இருந்தவர்கள்: முதலாளி செல்லசாமி, கணக்கு எழுதும் நிலக்ஷி, பெயின்ட் வாங்க வந்த மரியரட்ணம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய்.

அதுவரை விற்பனை இருபத்தெட்டாயிரம். ஒரு டின் பெயின்ட் ஐயாயிரம். செல்லசாமிக்கு வியர்த்தது.

ஒரு நாள் விற்பனை முப்பதாயிரத்தைத் தாண்டினால் வற் என்னும் விற்பனை வரிக்குப் பதிய வேண்டும் என்று நிலக்ஷி போன மாதம் சொல்லியிருந்தாள். பதிந்தால் நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பதினெட்டு ரூபாய் கூட வாங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சனம் கொடுக்குமா? பதியாத எதிர்க்கடைக்குப் போகும். இருபது வருஷக் கடை ஈயோட்டும்.

“பெயின்ட் முடிஞ்சிருச்சு.”

“பின்னால அடுக்கி வச்சிருக்கீங்களே முதலாளி!”

“அது வெறும் டின்னு.”

மரியரட்ணம் வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னார்: “விலை ஏறப்போகுது. ஒளிச்சு வைக்கிறாங்க.”

இல்லை என்று கேட்டதும் வரிசையில் நிற்கப் பழகிய ஊர். கால் மணி நேரத்தில் வரிசை பஸ் நிறுத்தம் வரை போனது.

“கஜேந்திரன் கடையில இருக்கு, போங்க!” என்று எல்லாரையும் எதிர்க்கடைக்கு விரட்டினார் செல்லசாமி.

பத்து நிமிடத்தில் கஜேந்திரனே ஓடி வந்தான். பின்னால் அதே வரிசை.

“அண்ணே, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! என்கிட்ட ரெண்டு டின்னுதான் இருந்துச்சு. இருபது டின் குடுங்க, இந்தாங்க காசு.”

லட்சம் ரூபாய் மேசையில் விழுந்தது. செல்லசாமி இரண்டடி பின்னால் போனார்.

“எடுத்துட்டுப் போடா! நாளைக்கு வா!”

“எனக்கு ஒண்ணாச்சும் குடுங்க முதலாளி,” என்றார் மரியரட்ணம். “ஞாயித்துக்கிழமை மகளப் பாக்க வர்றாங்க. சுவரு கரி புடிச்சுக் கெடக்கு.”

செல்லசாமி ஒரு டின்னை அவர் கையில் திணித்தார். “காசு வேணாம். வித்தாத்தானே வரி? கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க.”

வரிசை இதைப் பார்த்துவிட்டது.

“சும்மா குடுக்கிறாங்கடோய்!”

“நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க முதலாளி,” என்றாள் நிலக்ஷி. “நான் பாத்துக்கிறேன்.”

செல்லசாமி பின்வாசலால் இறங்கினார். ஒரு மாதமாக இப்படித்தான். மூன்று மணிக்கே வீடு. மனைவி அம்மாக்கண்ணு சுடச்சுடச் சோறு போட்டு, அதட்டிப் படுக்க வைக்கிறாள். வரிக்குப் பயந்து ஓடி வருகிறவனுக்கு இவ்வளவு உபசாரமா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நிலக்ஷி அவர் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள். போனைக் காதில் வைத்தாள்.

“அம்மாக்கண்ணு அக்கா, முதலாளி வர்றாரு, படுக்க வைங்க. டாக்டர் அவரு நெஞ்சுக்கு ஓய்வு சொன்ன ஆறு மாசம் முடியட்டும். தெனம் அறுபதாயிரம் வித்தாலும் நமக்கு வற் வரி கெடையாதுன்னு அப்புறம் நானே சொல்லிக்கிறேன்.”