மருமகன் அனுப்பிய பல்ப் மீன்

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் தர்ஷனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உம்முடைய மாமி றோஸியும் சுகம். நீரும் எங்கள் மகள் டில்ஷானியும் மெல்பேர்னில் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். சுகம் விசாரித்தாயிற்று, இனி வருவது கோபம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் டில்ஷானி நடுவில் புகுந்து "அப்பா, பிறஷர் ஏறும்" என்று என் வாயை அடைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நீர் பார்சலில் அனுப்பிய, தூண்டிலில் மாட்டுகிற றப்பர் மீனைப் பற்றித்தான். நான் சேவலின் கழுத்து இறகைச் சிவப்புப் பட்டுநூலால் தூண்டில் முள்ளில் சுற்றி, றோஸியின் நெயில் பொலிஷால் முடிச்சை ஒட்டி, மீன் உண்மையான பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கிற மாதிரிப் பூச்சி கட்டுகிறவன் என்பது உமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "மாமா, இறகெல்லாம் பழைய டிசைன், இதைப் போட்டுப் பாருங்கோ" என்று துண்டு எழுதி வைத்திருந்தீர். பெண் கேட்டு வந்த நாளில் என் பூச்சிகளைக் கையில் ஏந்தி "இதெல்லோ கலை" என்று சொன்னதும் இதே வாய்தான்.

எங்கள் தூண்டில் கழகத்தின் வழக்கம் உமக்குத் தெரியாததா? போட்டிக்கு முந்திய நாள் பூசை முடிய எல்லாருடைய பூச்சிகளையும் ஒரு தட்டில் வைத்து பாதர் தீர்த்தம் தெளிப்பார். தட்டின் நடுவில் இருக்கிறதுதான் அடுத்த நாள் முகத்துவாரத்தில் முதலில் எறியப்படும். எனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து நடுவில் இருப்பது என் பூச்சி. அந்த ஒரு மரியாதையைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறென்ன இருக்கு? டில்ஷானி "போட்டோ அனுப்புங்கோ" என்று அரியண்டம் தந்தபடியால் உம்முடைய மீனையும் ஓரமாக வைத்தேன். பாதர் தெளித்தார். தண்ணி பட்டால் பத்துகிற சாமான் என்று ஒரு சொல் எழுதினீரா? வயிற்றுக்குள் சிவப்பு பல்ப் மினுக் மினுக்கென்று அடிக்கத் தொடங்கிச்சு. முன் வாங்கிலிருந்த றேணுகா ரீச்சர் "புதுமை! ஆண்டவற்ற அற்புதம்!" எண்டு முழந்தாளில விழுந்தா, அவவைப் பாத்து மிச்சப் பேரும் விழுந்தினம், பாட்டுக்காரர் கேக்காமலே பாட்டைத் தொடங்கிட்டினம், பாதர் "இது பற்றரி, எழும்புங்கோ" எண்டு மைக்கில கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அந்தச் சந்தடியில கழகத் தலைவர் பிறெடி என்ர பூச்சியை நடுவில இருந்து தூக்கி ஓரத்தில போட்டுட்டு உம்மட மீனை வச்சான். "கோவிக்காத மச்சான், ஆண்டவரே கைகாட்டிட்டார்" எண்டான். மினுங்கினா அது பூச்சியா, வெசாக் வெளிச்சக் கூடா?

அடுத்த நாள் முதல் எறிவும் அதுதான். வெயில் உச்சிக்கு வருமட்டும் பிறெடி எறிஞ்சான். ஒரு மீன் கடிக்கேல்லை. ஒரு காகம் மட்டும் வந்து பாத்திட்டுப் போச்சு. கடைசியில அலுத்துப்போய் மீனை என்ர கையில திணிச்சிட்டுப் போனான். அப்பவும் "கிளமென்ற், உன்ர இறகைக் கொண்டு வா" எண்டு ஒருத்தன் கேக்கேல்லை. எனக்கு அழுகை வந்தது, தர்ஷன். மகளைக் கட்டித் தந்த மனுசனை ஊர் முன்னால இப்பிடி ஓரத்தில வைக்கலாமா?

ஆகவே, பல்ப் உள்ள ஒரு சாமானும் இனி என் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அடுத்த முறை கொழும்புக்கு வந்தால் என் தூண்டிலைத் தொடவும் கூடாது.

உங்கள் இருவருக்கும் மாதாவின் பாதுகாவல் கிடைக்கட்டும். உமக்குக் கொஞ்சம் புத்தியும் சேர்த்துக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத மாமா,
கிளமென்ற்.

பி.கு.: மேலே உள்ளதைக் கழகக் கூட்டத்தில வாசிச்சுக் கைதட்டு வாங்கினபடியால் இனி ஒரு எழுத்தும் மாத்த ஏலாது. ஆனா நேற்றுத் தனிய முகத்துவாரம் போய், உம்மட மீனை என்ர இறகால முழுசா மூடிக் கட்டி எறிஞ்சனான். இடுப்பளவு கொடுவா ஒண்டு இழுத்துது! பிறெடி ஓடிவந்து யாற்ற டிசைன் எண்டான். என்ர எண்டன். அடுத்த வருசம் நடுவில அதுதானாம். உடனே இன்னும் ஆறு அனுப்பும், வயித்தில கம்பனிப் பேர் அடிக்காததாப் பாத்து. பார்சலுக்கு வெளியில "விற்றமின்" எண்டு எழுதும்.