கிறீச்சொலி இழந்த படலம்

பேருடம்பைச் சிறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் பாடு இன்னதென்று எவருக்கும் முன்பே அறிந்த ஆனைமுகத்தோனே, மூஞ்சூறு ஊரும் முதல்வனே, இக்கதை எங்கும் முட்டாமல் மோதாமல் முடியக் காத்தருள்க! வாழ்க எங்கள் தலைவன் தார்மோ! வடகடலோரத்து எஸ்தோனிய நாட்டில் பனியிடைப் பிறந்து, கீழ்க்கடலோரத்து ஒசாகா மாநகரில், நான்காம் வட்டத்து மூன்றாம் மாடி ஒற்றையறையில் கோலோச்சுபவன்; ஆறடி ஐந்தங்குலம் நெடிதுயர்ந்தமையால் அந்நகரின் வாசல் ஒவ்வொன்றுக்கும் நெற்றியால் வணக்கம் செலுத்தியவன்; இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கும் அலுவலகத்துக்கு நான்காண்டாக ஒரு நாளும் பிந்தாமல் சென்றவன். அத்தகையோன் அக்டோபர்த் திங்கள் ஒரு திங்கட்கிழமைக் காலை, மிதிவண்டி நிறுத்தத்தின் கடைசி இடத்தைப் பிடிக்க ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பீராக.

முதலில் அவன் ஊர்தியின் குலமரபு. பச்சை நிறம், முன்னே கம்பிக்கூடை, தாழ்ந்த இருக்கை. காய்கறி வாங்கப் போகும் இல்லத்தரசியர் அளவுக்குச் செய்யப்பட்டது. தார்மோ ஏறி அமர்ந்து மிதித்தால் முழங்கால்கள் இரண்டும் மாறி மாறி அவன் நெஞ்சை விசாரித்துவிட்டுப் போகும். ஆதியில் அதை வாங்கியவர் வேல்ஸ் நாட்டு ஆசிரியர் ஒருவர். அவர் ஊர் திரும்பிய நாளில் பெரு நாட்டு எட்கார்டோவுக்கு ஈந்தார். எட்கார்டோ மணம் முடித்து நாகோயாவுக்குக் குடிபெயர்ந்த நாளில் தார்மோவுக்கு ஈந்தான். அந்நியனிடமிருந்து அந்நியனுக்கு வந்த வண்டியில் மூன்றாம் அந்நியன் ஒருவன் முழங்காலை மடக்கிப் போவதைக் கண்டால், காவலர்க்குக் கை தானே உயர்ந்துவிடும். ஒன்பது முறை நிறுத்தினர். ஒன்பது முறையும், "மன்னிச்சுக்கணும், இது உங்க வண்டிதானுங்களா?" என்று குழைந்து வினவினர். ஒன்பது முறையும் அவன் பதிவு அட்டையை, அரசன் தந்த பட்டயம்போல் இரு கையாலும் நீட்டினான். அவன் பணப்பையில் பெற்ற தாயின் படத்துக்கும் முன்னால் இருந்தது அந்த அட்டைதான்.

இனி அவன் பூண்ட விரதங்கள். அவை இரண்டு. வேலைக்குப் பிந்திச் செல்லேன் என்பது ஒன்று. கைப்பிடியில் உள்ள மணியை அடியேன் என்பது மற்றொன்று. அந்நகரில் பாதசாரியின் பின்னால் நின்று மணியடிப்பவன், விருந்துக்குப் போன வீட்டில் சோற்றுக்காகத் தட்டைத் தட்டுபவனுக்கு நிகரான முரடன். ஆயினும் மரியாதை மட்டுமே காரணமன்று. மணியடித்தால் எல்லாத் தலைகளும் திரும்பும். வந்த முதல் ஆண்டில் ரயிலிலும் கடையிலும் குளியல் மண்டபத்திலும் தலைகள் திரும்பித் திரும்பி, அவன் கால்முதல் உச்சிவரை ஏறி இறங்கி, அவனைத் தேய்த்துவிட்டிருந்தன. திரும்பாத முதுகுகள் நிறைந்த தெருவொன்றில் எல்லாரையும்போல் போய்வர வேண்டும் என்பதே அவன் உள்ளத்தின் ஆசை. அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆசையை நிறைவேற்றியது வண்டியின் பின்சக்கர பிரேக். பாட்டனார் வேல்ஸ்காரர் காலத்திலிருந்து எண்ணெய் காணாத அப்பிரேக்கை விரலால் சற்றே தொட்டால் போதும், "கிறீ... ச்ச்" என்றொரு நீண்ட, நடுங்கும், மன்னிப்புக் கேட்பது போன்ற ஓசை எழும். கூரை வேய்ந்த கடைவீதியில், காலை நெரிசலில், அவ்வோசை கேட்டதும் முதுகுகள் திரும்பாமலே இரண்டாகப் பிளந்து வழிவிடும். நம் தலைவன் நடுவே நழுவிச் செல்வான். ஒரு கண்ணும் தன்மேல் படவில்லை என்ற நிறைவு அவனுக்கு அன்றாட உணவாக இருந்தது.

விதி, ரயிலடி மிதிவண்டி நிறுத்தத்தின் காப்பாளர் குசுமோத்தோ வடிவில் வந்தது. எழுபது வயதினர், கைப்பட்டை அணிந்தவர், ஒரு வண்டி அரையங்குலம் கோணி நின்றாலும் உண்ட சோறு செரியாதவர். வெள்ளிக்கிழமை மாலை அவர் தார்மோவை வழிமறித்து முழங்கினார்.

"தம்பி, உங்க பிரேக் போடுற கூப்பாட்டை என்னால இனிமே கேக்க முடியாது. புதுக் கட்டை போட்டு, எண்ணெயும் விட்டாச்சு. ஐயோ வேணாமேன்னெல்லாம் சொல்லப்படாது, சொல்லிட்டேன்!"

தலைவன் மூன்று முறை குனிந்து நன்றி நவின்றான். தன் சங்கைப் பிடுங்கிக்கொண்டார் என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் வீதி வெறிச்சோடிக் கிடந்ததால் பிரேக்கைத் தொட நேரவில்லை; சனியும் ஞாயிறும் மழை கொட்டியதால் வண்டி வீட்டு வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றது.

திங்கட்கிழமை ஏழு முப்பத்தொன்றுக்குத் துயிலெழுந்தான் தார்மோ. அந்தோ, பதினாறு நிமிடம் தாமதம்! அந்த நிறுத்தமோ ஏழு ஐம்பதுக்கு நிரம்பிவிடும். அக்கணமே குசுமோத்தோ "இடமில்லை" என்னும் பலகையை மாட்டுவார். அதன்பின் எவர் அழுதாலும் அது அசையாது. தெருவில் விட்டுச் செல்லலாமென்றால், அப்படி விடப்படும் வண்டிகளைத் தின்று வாழும் மாநகராட்சி லாரி ஒன்றுண்டு. இரண்டாண்டுக்கு முன் அது அவன் பச்சை வண்டியை விழுங்கியபோது, மேம்பாலத்தடியில் சிறைப்பட்டிருந்த ஈராயிரம் வண்டிகளுக்கிடையே, காணாமற்போன கன்றைத் தேடுபவன்போல் மூன்று மணி நேரம் அலைந்திருக்கிறான். ஆகவே கழுத்துப்பட்டை தோளில் பறக்க, ஒரு காலுறை மட்டும் உட்புறம் வெளிப்புறமாக, புறப்பட்டான் வீரன்.

கடைவீதியின் வாயிலை அடைந்தவன் திகைத்து நின்றான். என்றும் காணாத சேனை! முன்னணியில் சிவப்புத் தொப்பிச் சிறார். பின்னே வெள்ளைத் தொப்பிச் சிறார். புத்தகப் பைகள் இல்லை, தோள்களில் தண்ணீர்க் குடுவைகள். அவர்களைச் சூழ்ந்து, அடுக்குச் சோற்றுப் பெட்டி ஏந்திய அன்னையர், சுருட்டிய பாய்களைத் தூக்கிய தந்தையர், கூடாரக் கால்களைச் சுமந்த கிழவர். நடுநாயகமாக, சிறுத்தைத்தோல் நிகர்த்த புள்ளிச் சட்டை பூண்டு, ஊதாச் சாயம் தோய்த்த கூந்தலுடன், ஊறுகாய்க் கடை மிட்சுவே அம்மையார் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிச் சென்றார். அதன்மேல் நமனின் பாசம்போல் சுருண்டு கிடந்தது மனிதக் கை பருமனில் ஒரு கயிறு. அறிவுள்ள எவனும் இவற்றைக் கண்டு ஒரு முறையேனும் யோசித்திருப்பான். நம் தலைவன் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தான். ஏழு நாற்பத்தொன்று.

பிரேக்கைத் தொட்டான். ஓசை இல்லை. அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் வண்டி வழுவழுவென்று நின்றதே தவிர, ஒரு முனகல் இல்லை. குசுமோத்தோவின் திருப்பணி அத்துணைச் செம்மையானது. "மன்னிச்சுக்கணும்" என்று கூறிப் பார்த்தான். கூரையில் கட்டிய ஒலிபெருக்கி அணிவகுப்பு இசையைக் கொட்டிக்கொண்டிருந்தது; அவன் குரலோ உடலுக்குப் பொருந்தாத சிறு குரல். இருமினான். தும்முவதுபோல் நடித்தான். கூடையைத் தட்டினான். முதுகுகள் முதுகுகளாகவே நின்றன.

ஏழு நாற்பத்து நான்கு. கேளீர், கேளீர், இதுவல்லவோ தருமசங்கடம்! மணியடித்தால் ஒரு விரதம் முறியும். அடியாவிட்டால் மற்றொன்று முறியும். ஒருபுறம் நான்காண்டுக் காலம் தவறாமை; மறுபுறம் நான்காண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமை. அவன் கட்டைவிரல் மணியின் நாவின்மேல் ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. பனிநாட்டு முன்னோர் எவரும் அவனுக்குத் துணையாக வரவில்லை.

அடித்தான்.

நான்காண்டுத் துரு உடைந்து எழுந்த அந்த நாதம், "டிங்" என்று தொடங்கி "கரக்" என்று முடிந்தது. இசை அந்நேரம் பார்த்து நின்றது. சிவப்புத் தொப்பிகள் திரும்பின. வெள்ளைத் தொப்பிகள் திரும்பின. அன்னையர், தந்தையர், கூடாரக் கால்கள், யாவும் திரும்பின. நான்காண்டாக அவன் அஞ்சி ஒளிந்த அத்தனை கண்களும் ஒரே வேளையில் வந்து அவன்மேல் விழுந்தன. மிட்சுவே அம்மையார் தள்ளுவண்டியை நிறுத்தி, இடுப்பில் கைவைத்துக் கர்ச்சித்தார்.

"எவன்டா அவன், புள்ளகுட்டி போற இடத்துல மணியடிக்கிறவன்... அடடே! நம்ம கிறீச்சுக்காரரா! எங்கய்யா உங்க சத்தம்? ஊமையாட்டம் பின்னால வந்து நின்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதானே!" என்றார் சோயாக்கட்டி விற்கும் தோஃபுக் கடைக்காரர், பாய்ச்சுருளுக்கு அடியிலிருந்து. "அவரு சத்தம் கேட்டாத்தான் நான் தெனம் ஷட்டரையே தூக்குறது. இன்னிக்கு என்னமோ வெறிச்சுன்னு இருக்கேன்னு பாத்தேன்!"

"கிறீச்சுக்காரருக்கு வழி!" என்று அம்மையார் ஆணையிட, சேனை இரண்டாகப் பிளந்தது. காதுமடல்கள் சிவக்க, தலை குனிந்தபடி, முழங்கால்கள் நெஞ்சைக் குத்தக் குத்த மிதித்துப் பாய்ந்தான் தார்மோ. வீதியைக் கடந்தான், ரயில் பாதையைக் கடந்தான், ஏழு நாற்பத்தொன்பதுக்கு, ஒரு நிமிடம் மிஞ்ச, மூச்சிரைக்க நிறுத்தத்துள் நுழைந்தான்.

அறுநூறு இடங்களும் காலி.

பலகை இல்லை, காப்பாளர் இல்லை, ஒரு புறா மட்டும் நடுவழியில் உலவிக்கொண்டிருந்தது. காப்பாளர் கூண்டின் கண்ணாடியில், சிவப்பு மையில் வட்டமிட்ட நாள்காட்டி தொங்கியது: விளையாட்டு நாள், நாடெங்கும் அரசு விடுமுறை. தலைவன் அதை இரு முறை வாசித்தான். பிறகு, தான் என்றும் போரிட்டுப் பிடிக்கும் இருநூற்றுப் பதினான்காம் இடத்தின் அருகே வண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

விடுமுறையை மறந்ததற்கு அவன் வெட்கப்படவில்லை. கிறீச்சுக்காரர் என்று அவர்கள் அழைத்தது திடீரென வைத்த பெயரன்று. நெடுநாள் வாயில் உருண்டு வழவழப்பான பெயர். நான்காண்டாக அந்த முதுகுகள் திரும்பாதிருந்தது அவனைக் கவனிக்காததனால் அல்ல. வருவது யாரென்று தெரிந்துதான். அந்தப் பெயரைத் தானே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சிரித்தான். புறாவைத் தவிர யாரும் பார்க்கவில்லையாதலால் அவன் அதை மறைக்க முயலவில்லை.

அவன் வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, பள்ளி மைதானத்து வாயிலில் தள்ளுவண்டி நின்றது. கயிற்றின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருந்தவர், கைப்பட்டை இல்லாத குசுமோத்தோ. மறுமுனையில், பிரேக்கின் கதையை அதற்குள் அவர் வாயாலேயே கறந்துவிட்ட மிட்சுவே அம்மையார்.

"என்னய்யா இது, டையெல்லாம் கட்டிக்கிட்டு? ஆபீசா? இன்னிக்கா?" என்றார் அம்மையார். தார்மோ தலையசைத்தான். அம்மையார் சிரிக்கவில்லை, அவன் தோளகலத்தை, ஊறுகாய்க்கு முள்ளங்கி பார்ப்பவர்போல் அளந்தார். பின்னர் மைதானம் அதிர அறிவித்தார்.

"நாலாம் வட்டத்துக்குக் கயிறிழுக்க ஒரு ஆள் குறையுதுன்னு காலைலேர்ந்து அடிச்சுக்கிறேன்ல? இதோ வந்துட்டாரு! டையைக் கழட்டுங்க தம்பி, கடைசில போய் நில்லுங்க. யோவ் குசுமோத்தோ! அந்தப் பழைய கட்டையை நாளைக்கே திருப்பி மாட்டு. இவரு வர்றது தெரியாம நாங்கல்லாம் எங்கயாச்சும் முட்டிக்கிட்டுச் சாகணுமா?"

"குப்பையிலேர்ந்து எடுக்கணுமே..." என்றார் குசுமோத்தோ, தரையைப் பார்த்து.

கழுத்துப்பட்டையைக் களைந்து பச்சை வண்டியின் கூடையில் இட்டு, உள்ளங்கைகளில் மண் தேய்த்து, பதினாறு பேருக்குப் பின்னால் பதினேழாமவனாக, கயிற்றின் கடைமுனையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, பனிநாட்டுக் குதிகால்களை ஒசாகா மண்ணில் ஊன்றி, வடகடலும் கீழ்க்கடலும் ஒருசேர வியக்க, சிவப்புத் தொப்பிகள் "கிறீச்சு! கிறீச்சு!" என்று வான்பிளக்கக் கூவ, கொடியசைவை நோக்கிக் கண்களை நிறுத்தி நின்றான் எங்கள் தலைவன், திரும்பாத் தலைகளின் நாயகன், தார்மோ.

நாலாம் வட்டம் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனது.